முதுமையில் எலும்பு மெலிவது ஏன்?

சூரியன் குறைவின்றிக் காயும் தேசத்திலும் முதியோர் பலருக்கு வைட்டமின் டி போதாமற்போவது ஏன் என்ற வினா நியாயமானதே. வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் படும்பொழுது, அங்குள்ள கொழுப்பையொத்த ஒரு பதார்த்தம் இந்த வைட்டமினின் பூர்வ ரூபமாக மாறுகிறது. ஆனால், வயது ஏற ஏற அந்தப் பதார்த்தமே தோலில் குறைந்துவிடுவதாலும், ஜன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதாலும், கண்ணாடிக்கு உட்புறம் அமர்ந்து வெயில் காயும் பெரியவருக்கு வெப்பம் கிட்டுகிறதேயன்றி வைட்டமின் கிட்டுவதில்லை. தோலில் பிறந்த அது, கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் ரசாயன மாறுதல் அடைந்த பின்னரே, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் கிரகிக்கத் துணைபுரியும் சக்தியைப் பெறுகிறது. முதுமையில் சிறுநீரகமும் தளர்வதை இங்கே நினைக்கவேண்டும்.

வைட்டமின் டி போதாமல் இந்தக் கிரகிப்புக் குறைந்து, ரத்தத்தில் கால்சியம் தாழ்ந்தால் இருதயத்துக்கும் நரம்புகளுக்கும் ஆபத்து. ஆகவே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள், குதிரிலிருந்து நெல்லை அள்ளுவதுபோல, எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்திற்கு வரவழைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால், கால் இடறிய சாமானிய வீழ்ச்சியிலேயே இடுப்பெலும்பு முறிந்துவிடக்கூடும்.

அப்படியாயின் வைட்டமின் டி மாத்திரை எல்லோருக்கும் அவசியமா? 25,871 பேர் பங்குகொண்டு, 2022-இல் முடிவு வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், நாள்தோறும் 2,000 அலகு உட்கொண்டோருக்கு எலும்பு முறிவு குறையவில்லை. அவர்களோ குறைபாடு உள்ளவர்களென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடும். ஆதலால், வீட்டுப் பெரியோர்க்கு வைத்தியரைக் கலந்து, அவர் சொல்லும் அளவே கொடுங்கள்.