மூன்றடுக்கு லூப்பை அவிழ்ப்பது

3, 4, 5 போல, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் மூன்று எண்களின் தொகுப்புகளை, அதாவது மும்மைகளை, 20-க்குள் தேட வேண்டும். கை தானாக எழுதுவது லூப்புக்குள் லூப், அதற்குள் இன்னொரு லூப். முதலில் ஒரு காலிப் பட்டியல். அ, ஆ, இ மூன்றுக்கும் ஆளுக்கொரு லூப். நடுவில் ஓர் இஃப். பொருந்தினால் பட்டியலில் சேர். விடை சரியாகவே வரும். ஆனால் படிப்பவர் மூன்று மாறிகளையும் வளர்ந்துகொண்டே போகும் பட்டியலையும் மனத்தில் சுமக்க வேண்டும்.

அந்த லூப் உருவாக்குவது, சலிப்பது, சேர்ப்பது என்ற மூன்று வேலைகளையும் ஒன்றாகக் குழைத்துச் செய்கிறது. ஃபங்ஷனல் பாணி அவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது. உள் லூப், ஒவ்வோர் எண்ணையும் ஒரு மும்மையாக மாற்றும் மேப் ஆகிறது, வெளி லூப்புகள் ஃப்ளாட்மேப் ஆகின்றன, இஃப் ஃபில்டர் ஆகிறது.

ஃப்ளாட்மேப் எதற்கு? ஒவ்வொரு அ-வுக்கும் ஆ-வின் பட்டியல் வேறு. அ 3 என்றால் ஆ 4-இல் தொடங்கும். வெறும் மேப் போட்டால் பட்டியலுக்குள் பட்டியல்தான் கிடைக்கும். ஃப்ளாட்மேப் உள் உறைகளைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் கொட்டுகிறது. அ 19, ஆ 20 என்று வந்தால் இ-க்கு எண்ணே மிச்சமில்லை. அந்தக் காலிப் பட்டியல் சுவடின்றிக் கரைந்துபோகும், தனி நிபந்தனை வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உருவாகும் மும்மைகள் 1140. ஃபில்டரில் தேறுபவை 6.

இப்படிப் பிரித்தெழுதும் எண்ணம் புதிதல்ல. 1957-இல் ஃபோர்ட்ரானை வெளியிட்ட ஐபிஎம் குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். லூப் எழுதும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பிய மொழி அது. 1977-இல் டூரிங் விருது உரையில் அவரே அந்தப் பழக்கத்தை எதிர்த்தார். இரு வெக்டார்களின் உட்பெருக்கத்தை லூப்பில் எழுதிக் காட்டிவிட்டு, ஜோடி சேர், பெருக்கு, கூட்டு என்று மூன்றே செயல்களைக் கோத்து மறுபடி எழுதினார். ஃபங்ஷனல் பாணியில் அமைந்த ஹாஸ்கெல் மொழியின் பட்டியல் எழுத்துமுறையை 2000-இல் வந்த பைத்தான் 2.0 எடுத்துக்கொண்டது.

எல்லா லூப்பையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெரிய அணியை இருந்த இடத்திலேயே திருத்தும் வேலைக்கு லூப்தான் தெளிவு.

முதல் மும்மை மட்டும் போதும் என்று வையுங்கள். லூப்பில் மூன்று அடுக்கையும் உடைத்து வெளியேற ஒரு கொடி மாறியோ அதுபோன்ற வேறு ஏற்பாடோ தேவைப்படும். ஹாஸ்கெல் கேட்டதை மட்டுமே கணக்கிடும் என்பதால், பட்டியலின் தலையைக் கேட்டால் போதும். 325-ஆவது முயற்சியில் 3, 4, 5 கிடைக்கும். மீதி 815 மும்மைகள் உருவாவதே இல்லை.