நீள்வது ஆயுளா, நோய்க்காலமா?

பிராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண்கள் அனைவரையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை என்றும், பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் 45 முதல் 61 வயது வரை இரண்டு ஆண்டுக்கொருமுறை பரிசோதித்தால் போதும் என்றும் பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு 2025 நவம்பர் 28-ல் வெளியிட்ட பூர்வாங்கப் பரிந்துரையின்மீது அபிப்பிராயம் தெரிவிக்கும் கெடு 2026 பிப்ரவரி 20-ல் முடிந்தது. முன்கூட்டிக் கண்டால் பிழைக்கலாம் என்று வைத்தியர்களே சொல்லும்போது பரிசோதனையை மறுப்பானேன் என்பதுதான் அங்கிருந்து வாசகர்கள் எழுதும் கடிதங்களின் சாரம்.

ஆஸ்பத்திரி விளம்பரங்கள் பெருமையோடு கூறும் 'ஐந்தாண்டு பிழைப்பு விகிதம்' என்பது, நோய் கண்ட நாளிலிருந்து ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்ற கணக்கேயன்றி, எத்தனை பேர் மரணத்திலிருந்து மீண்டார்கள் என்ற கணக்கன்று. 75 வயதில் இந்நோயால் மாளவிருக்கும் ஒருவருக்கு, முதுகெலும்பு வலி கண்டு 72-ல் நோய் தெரிந்தால், அவர் பிழைத்த காலம் 3 ஆண்டு. அவருக்கே 65-ல் பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனை மூலம் தெரிந்து, சிகிச்சையெல்லாம் செய்தும் அதே 75-ல் மாண்டால், 10 ஆண்டு. ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளி என்றறிந்து கலங்கிய காலம் 7 ஆண்டு கூடியது. புள்ளிவிவரத்திலோ அவர் பிழைத்தவர்! 2007-ல் அமெரிக்க அரசியல்வாதி ரூடி ஜூலியானி, இந்நோயிலிருந்து பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம் என்று தேர்தல் பிரசாரம் செய்தபோது, இரு தேசங்களிலும் இந்நோயால் மாண்டவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஆகவே மரணக் கணக்கையே நான் நம்புகிறேன். 23 ஆண்டுகள் தொடர்ந்த ஐரோப்பிய ஆராய்ச்சியில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது; அது அற்பமன்று. ஆனால் பரவாத நோயுள்ளவர்களை ரணசிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்து நடத்திய பிரிட்டிஷ் ஆராய்ச்சியில், 15 ஆண்டுகளில் இந்நோயால் மாண்டவர்கள் எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு 2 அல்லது 3 பேரே. 12 ஆண்டுக்குப் பிறகும் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் அணிந்தவர்களோ, ரணசிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 24; கண்காணிப்பில் 11. தீங்கே மிகுதி என்று குழு கூறுவதையும் அப்படியே ஏற்பதற்கில்லை: எம்.ஆர்.ஐ. பார்த்து, அவசியமானவர்களுக்கு மட்டும் திசு எடுத்து, மற்றவர்களைக் கண்காணிப்பில் வைக்கும் ஆஸ்பத்திரியில் அந்தத் தீங்கு வெகுவாகக் குறைகிறது.

பரிசோதனைக்குத் தடையா? இல்லை, 50 கடந்தவர் வைத்தியரோடு ஆலோசித்துக் கேட்டுப் பெறலாம்.

இந்நோய் இருமடங்கு வரும் கறுப்பின ஆண்கள்? ஆதாரம் போதவில்லை என்கிறது குழு. அதைத் திரட்டாத குற்றம் அந்த ஆண்களுடையதன்று.

ரோபோ மூலம் அறுத்தால் கசிவு வராதா? வரலாம்.

சிறுநீரில் ரத்தம் கண்டவர்கள்? அவர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. தாமதமின்றி வைத்தியரைப் பார்க்க வேண்டும்.