பழம்பொருளுக்கும் வைத்தியர் உண்டு

இன்று மாநகராக விளங்கும் சுபாங் ஜெயா, முன்பு சீபீல்ட் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். 1976-ஆம் ஆண்டில் அங்கே புதுநகர் எழத் தொடங்கியது. பால்மரங்கள் மறைந்தன, லயங்களும் மறைந்தன. அங்கே உழைத்தவர்களின் உளி, மங்கு, பால்வாளி, சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு எல்லாம் எங்கே போயின? நாட்டின் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கேள்விதான். மிஞ்சியவை நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் துருப்பிடித்தும் பூச்சியரித்தும் கிடக்கின்றன. அவையும் அழிந்துவிட்டால், நம் முன்னோர் சிந்திய வியர்வைக்குச் சாட்சி ஏது?

இத்தகைய பொருள்களைக் காப்பதற்கென்றே ஒரு தொழில் உண்டு. மியூசியம் என்னும் அரும்பொருளகத்தில், கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் நடக்கும் வேலை அது. வந்த பொருளுக்கு எண் கொடுத்து, பதிவேட்டில் எழுதி, படம் பிடித்து, அதன் நோய் என்னவென்று கண்டறிய வேண்டும். ஈரக்காற்று இரும்பைத் தின்னும். வெளிச்சம் துணியின் சாயத்தை வெளுக்கும். வெள்ளிப்பூச்சியும் கரையானும் காகிதத்தை அரிக்கும். மருந்தடிக்காமல், பொருளை உறையிலிட்டுக் கடுங்குளிரில் வைத்தே பூச்சியைக் கொல்லும் முறையும் உண்டு.

இத்துறைக்கு வழிகாட்டிய தமிழர் ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரும்பொருளகத்தில் 1930-இல் இதற்கென ஓர் இரசாயனக் கூடம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் இரசாயனம் படித்த எஸ்.பரமசிவன். உப்புச் சத்து ஊறிப் பச்சைப் பொடியாக உதிர்ந்த செப்புத் திருமேனிகளை மின்சார முறையால் காப்பாற்றியவர் அவர். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களையும் ஆராய்ந்தார்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு இடம் உண்டா? உண்டு. கோலாலம்பூரில் 1963-இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகம், பழம் ஆவணங்களைக் காக்கும் தேசிய ஆவணக் காப்பகம், ஷா ஆலாமிலுள்ள சுல்தான் ஆலாம் ஷா அரும்பொருளகம், இஸ்லாமியக் கலை அரும்பொருளகம் ஆகியவை கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சுபாங் ஜெயாவில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல்.சென்ட்ரலில் இறங்கினால், தேசிய அரும்பொருளகத்துக்கு நடந்தே போகலாம்.

இத்துறையை நாடும் மாணவர் இரசாயனத்தை விரும்பிப் படிக்கட்டும். வரலாறு, தொல்பொருளியல் படித்தவர்களுக்கும் இடமுண்டு. மலாய் மொழியில் பிழையற எழுதத் தெரிய வேண்டும். அரசாங்க வேலைகளுக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் நிதானமும் மனத்தில் பொறுமையும் வேண்டும்.

பயிற்சியை இன்றே வீட்டில் தொடங்கலாம். கிழிந்த அடையாளக் கார்டில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காகிதத்தை மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். பழைய ஆவணங்களை லேமினேட் செய்யவும் வேண்டாம். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. உளியை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அது யாருடையது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் பயன்பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெயரும் ஊரும் தெரியாத உளி வெறும் இரும்பு. தெரிந்த உளி வரலாறு.

பெற்றோர்களே! டாக்டர், வழக்கறிஞர் என்ற கனவுகளோடு இதையும் பிள்ளைகளின் காதில் போட்டு வையுங்கள். நம் பாட்டன் பிடித்த உளியைக் காக்க, அதன் அருமை தெரிந்த கை வேண்டாமா?