கைத்துப்பாக்கிப் பயிற்சியும் தற்காப்பும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சூளூர்பேட்டைக்குச் செல்லும் மின்சார ரயில், ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையே ஓரிடத்தில் தமிழ்நாட்டை விட்டு ஆந்திரப் பிரதேசத்துள் புகுகிறது. பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. வெளியே வீசுவது அதே உப்புக்காற்று. பெட்டிக்குள் தமிழும் தெலுங்கும் கலந்த அதே பேச்சு. ஆயினும் அப்பெட்டியில் ஒருவர், தமிழ்நாட்டின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தை நம்பி, ஒரு ரிவால்வரைத் தம் கைப்பையில் வைத்திருப்பாராயின், அந்த எல்லையைக் கடந்தபின் அவ்வுரிமம் அவருக்குத் துணை நிற்காது. ஆரம்பாக்கத்தில் சட்டத்துக்கு உட்பட்டவராக இருந்தவர் தடாவில் குற்றம் சாட்டப்படக்கூடியவராகிறார்.

சூளூர்பேட்டை 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. அதற்கு முன் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் சிறு ராக்கெட் ஏவப்பட்ட காலந்தொட்டு, ஏவுதளத்துக்குச் செல்வோர்க்கெல்லாம் இவ்வூரே வாயிலாக இருந்து வருகிறது. உத்தியோகத்தை முன்னிட்டும் வாணிபத்தை முன்னிட்டும் இங்கே தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. இங்கேயாகட்டும், நாகபுரியிலோ அகமதாபாத்திலோ ஆகட்டும், பிற மாநிலத்தில் குடித்தனம் செய்யும் நம்மவரிடையே அவ்வப்போது எழும் கேள்வி ஒன்று உண்டு: உற்றார் அருகில் இல்லாத ஊரில், காவலுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா? இதையே ஒட்டி மற்றொரு கேள்வியும் எழுகிறது: பிள்ளை துப்பாக்கி சுடும் விளையாட்டில் சேர விரும்புகிறான்; சேர்க்கலாமா? இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் விடைகள் வேறு. இரண்டாவதற்கு மனமார 'ஆம்' என்று சொல்லலாம். முதலாவதற்கு அப்படிச் சொல்வதற்கில்லை.

விளையாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். தேசிய ரைபிள் சங்கம் 1951-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். கைத்துப்பாக்கிப் போட்டிகளில் தொடக்கநிலையினர் பயில்வது, வெடிமருந்து இன்றி அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் ஏர் பிஸ்டல். குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும். அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டம் 11.5 மில்லிமீட்டர் விட்டமுடையது. ஒரு சட்டைப் பொத்தானின் அளவு என்று கொள்ளலாம். ஒரே கையால், எதன்மீதும் சாயாமல், நின்றவாறே சுட வேண்டும். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். ஆக, ஒவ்வொரு குண்டுக்கும் ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் வேறோரிடத்தில் இது பயன்படும்.

புதிதாகப் பயில்வோர் கை ஆடுவதைக் கண்டு அஞ்சுவர். எவர் கையும் சிறிது ஆடவே செய்யும். பதக்கம் பெற்றவர் கையும் ஆடும். கேடு விளைவிப்பது அதுவன்று. பிஸ்டலின் பின்புறத்தில் ஒரு சதுர வெட்டும், குழலின் முனையில் ஒரு சிறு முளையும் உண்டு. வெட்டின் நடுவே முளை நேராக நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தூரம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். முளை ஒரு மில்லிமீட்டர் மட்டும் ஒருபுறம் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 28 மில்லிமீட்டருக்கு மேல் விலகிப் போய் விழும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். மாறாக, முளையும் வெட்டும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்க, கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் அந்த ஒரு மில்லிமீட்டரே நகரும். பத்து பத்தாகவே நிற்கும். ஆகையால்தான் இலக்கைப் பாராதே, முளையைப் பார் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். முளை தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். விசையைத் திடீரென்று இழுப்பதும் இதே காரணத்தாலேயே தவறாகிறது. இழுப்பின் அதிர்ச்சி மணிக்கட்டைத் திருப்பிவிடும், முளை விலகிவிடும். விதிப்படி விசைக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எக்கணத்தில் குண்டு புறப்பட்டது என்று தமக்கே வியப்பாகும்படி சுடுவதே பழக்கத்தின் பயன்.

இதற்குக் குண்டும் வேண்டியதில்லை, மைதானமும் வேண்டியதில்லை. வெற்றுத் துப்பாக்கியை வெள்ளைச் சுவரை நோக்கி நீட்டி, முளையை மட்டும் பார்த்து விசையை அழுத்திப் பழகுவதே பயிற்சியில் பெரும்பகுதி. வெற்றுத் துப்பாக்கிதானா என்பதை இருமுறை திறந்து பார்த்தல் வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டா.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். அவர் கையாள்வது பிஸ்டல் அன்று, ஏர் ரைபிள். ஆயினும் வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இத்துறை மூடிய கதவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பிஸ்டலில், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஈஷா சிங் 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளியும், குழுப்போட்டியில் தங்கமும் பெற்றார். இளையோர்தாம் இதற்கு உரியவர் என்றும் எண்ண வேண்டா. நடிகர் அஜித்குமார் நடுவயதில் இப்பயிற்சியை மேற்கொண்டு, 2021-இல் சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் பெற்றதை நம்மவர் அறிவர்.

கருவியைப் பேணுதல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் இதை வேலையாட்களின் காரியம் என்று கருதுகின்றனர். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தகுதிச்சுற்றில் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய பிஸ்டல் பழுதுற்றது. அதைச் சீராக்கி மீண்டும் நிலைக்கு வருவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. எஞ்சிய குண்டுகளை அவசரமாகச் சுட நேர்ந்தும் 575 புள்ளிகள் எடுத்தார். இறுதிச்சுற்றுக்கு இரண்டு புள்ளிகள் குறைந்தன. மூன்றாண்டு கழித்து, 2024 ஜூலை 28 அன்று, பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. சிறந்த கருவியும் சிறந்த கையும் ஒருங்கே இருந்த இடத்திலும், ஒரு சிறு பாகம் பல ஆண்டு உழைப்பை நிறுத்திவைக்க முடிந்தது.

பழவேற்காட்டு ஏரியின் கரையில் வாழ்வோர்க்கு முதற்பகை உப்புக்காற்று. உள்ளங்கை வியர்வையிலும் உப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் எஃகில் ஒரே இரவில் துரு அரும்பும். பயிற்சி முடிந்ததும் உலோகப் பகுதி முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கிக்கென விற்கும் எண்ணெயை மெல்லப் பூச வேண்டும். சொட்டும்படி அன்று, ஈரம் தெரியாத அளவு. அடுப்பங்கரைத் தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. பிசுக்காகிப் பாகங்களை ஒட்டிவிடும். ஏர் பிஸ்டலின் காற்று செல்லும் வழியில் எண்ணெயே படலாகாது. மிகுந்த அழுத்தத்தில் உள்ள காற்றுடன் எண்ணெய் கலப்பது அபாயம். காற்று உருளையில் தயாரித்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு கடந்ததைப் பயன்படுத்தலாகாது என்பது தயாரிப்பாளர் வழக்கமாக விதிக்கும் வரம்பு. சிலர் அழகுக்காகத் தோலுறையிலேயே ஆயுதத்தை வைத்துவிடுவர். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறை வெளியே எடுத்துச் செல்வதற்கே, வைத்திருப்பதற்கு அன்று. பெட்டியில், மருந்துக் குப்பிகளுடன் வருமே அத்தகைய ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டைப் போட்டு வைப்பது நலம். குண்டுகள் ஈயத்தால் ஆனவை. சுட்ட கையோடு சிற்றுண்டி உண்ணலாகாது. சோப்பால் கை கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும்.

ஆயுதமும் குண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பூட்டின்கீழ் இருத்தல் வேண்டும். துப்பாக்கி எப்போதும் நிரம்பியிருப்பதாகவே எண்ணிக் கையாளுதல், சுடக் கருதாத எதன்மீதும் குழலைத் திருப்பாமை, சுடும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே வைத்தல் ஆகியவை உலகெங்கும் ஒன்றே. மைதானத்தில் இவற்றோடு, சுடாத நேரத்தில் குழலினுள் வண்ணக் கயிறு ஒன்றைச் செருகி வைப்பதும் விதி. குண்டு இல்லை என்பதை அடுத்தவர் கேளாமலே காணும்படி செய்வது அது.

இனிச் சட்டம். குழல் 4.5 மில்லிமீட்டருக்கும் விசை 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் விசை இதில் பாதிக்கும் குறைவு. ஆனால் கண்ணைப் போக்க அதுவே மிகையாகும். சூளூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஏரியில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. உரிமம் வேண்டாத துப்பாக்கிதானே என்று அவற்றை நோக்கிச் சுடுவது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

வெடிமருந்து ஆயுதத்துக்கு 1959-ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தும். உரிமம் பெற 21 வயது நிரம்ப வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது. முன்னர் மூன்று வரை வைத்திருக்கலாம். கலியாண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுட்டு மகிழ்வோர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதே திருத்தம் இடந்தருகிறது. மாற்றலாகி வேற்றூர் செல்லும் உத்தியோகஸ்தர், புதிய ஊரின் உரிம அதிகாரிக்கும் பழைய ஊரின் அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். தேர்தல் காலத்தில் ஆயுதத்தைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும் உண்டு.

இவ்வளவையும் நிறைவேற்றி ஒருவர் ரிவால்வர் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் கதவு உடைபடுகிறது. ஆயுதம் ஓர் அலமாரியில், குண்டு மற்றொன்றில், சாவி எங்கோ. மைதானத்தில் ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம் தந்தனர் அல்லவா? இலக்கு அசையாமல் நின்றது. விளக்கு பிரகாசமாக எரிந்தது. பின்னால் குழந்தைகள் உறங்கவில்லை. திருடன் இவற்றில் எதையும் தருவதில்லை. தாமதத்தைத் தவிர்க்க, நிரப்பிய ஆயுதத்தைத் தலையணைக்கடியில் வைப்பவர், ஆண்டு முழுவதும் அதைத் தம் பிள்ளைகளுக்கு எட்டும்படி வைத்திருக்கிறார். வாராத கள்வனை நினைத்து, வீட்டிலேயே உள்ள சிறுவனை மறந்துவிடுகிறார். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

தற்காப்புரிமை நம் சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைக் கூறுகின்றன. இந்தி வாசகத்தில் 'பிரதிரக்ஷா' என்றும் தமிழில் 'தற்காப்பு' என்றும் வழங்கும் இச்சொல்லை ஒருமொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும்போதெல்லாம் கவனிக்கிறேன்: இரண்டிலும் உள்ளது காப்பே, தண்டிப்பு இல்லை. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்குமாயின் அவ்வுரிமை இல்லை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இல்லாதபோது, வெறும் திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்கும் அளவுக்கு அது நீளாது. கொல்லைப்புறச் சுவரேறி ஓடுபவனைச் சுட்டுவிட்டு, நகைக்காகச் சுட்டேன் என்று கூறுபவர் நீதிமன்றத்தில் கடினமான நிலையில் நிற்க நேரும்.

எஞ்சுவன சிறு பழக்கங்கள். வாயிற்கதவுக்குச் சங்கிலியும், வெளியே ஒரு விளக்கும். மணி அடித்தவர் யார் என்று அறியாமல் கதவு திறவாமை. பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படும்போது அண்டைவீட்டாரிடம் சொல்லிச் செல்லுதல். போலீஸ் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தல். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்தல். ரயிலில் சன்னலோரம் உறங்கும் பெண்டிர், சங்கிலி வெளியே தெரியாதபடி புடவைத் தலைப்பால் மூடிக்கொள்ளுதல். அவசர உதவிக்கு நாடெங்கும் 112, ரயிலில் 139. இவ்விரண்டு எண்களையும் பள்ளி செல்லும் குழந்தையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வீட்டு விலாசத்தையும் அவ்வூர் மொழியில் சொல்லப் பழக்க வேண்டும். ஆபத்தில் நம் வாயில் முதலில் வருவது தாய்மொழி. 'ஐயோ, காப்பாற்றுங்கள்' என்று நாம் தமிழில் அலறினால், வேற்றூர்த் தெருவார் அதைக் குடும்பச் சண்டை என்று எண்ணிக் கதவை மூடவும் கூடும். சூளூர்பேட்டையில் 'காபாடண்டி' என்றும், வடக்கே 'பச்சாவோ' என்றும் வீட்டிலுள்ள அனைவரும், முதியோர் உட்பட, உரத்த குரலில் சொல்லிப் பழகியிருத்தல் வேண்டும்.