வேலியை விட கேட்டுதான் கஷ்டம்

கலவையிலிருந்து திமிரி, ஆற்காடு வழியா ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? தொழிற்சாலை காம்பவுண்டுகள் வரிசையா வரும். அடுத்த தடவை சுவரை விட்டுட்டு கேட்டைப் பாருங்க. அந்த மாதிரி இடத்தைச் சுத்தி சென்சார் வேலி போடுற வேலை உங்களுக்குக் கிடைச்சா, பாதி தலைவலி அந்தச் சில மீட்டர்லதான்.

வேலி சென்சார்னா பெரும்பாலும் ஒரு கேபிள். அதைக் கம்பி வலையோட சேர்த்துக் கட்டிடுவாங்க. யாராவது ஏறினாலோ வெட்டினாலோ வலை அதிரும். அந்த அதிர்வு சிக்னலா மாறும். காத்து அடிச்சா வேலி நீளத்துக்கும் ஒரே நேரத்துல ஆடும். கட்டர் போட்டா ஒரே இடத்துல, சுருக்குனு ஒரு துடிப்பு. இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் ப்ராசஸர் முடிவெடுக்குது.

கேட்ல இந்தக் கணக்கு உதவாது. காத்துல ஆடுற இரும்பு கேட் தூண்ல 'டங்'னு மோதினா, அதுவும் ஒரே இடத்துல வர்ற சுருக்கமான துடிப்புதான். பச்சைத்தோல் ஏத்தின லாரி ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினாலும் தூண் அதிரும். ராத்திரி நாலு தடவை பொய் அலாரம் அடிச்சா வாட்ச்மேன் என்ன பண்ணுவார்? அந்த ஜோனையே ஆஃப் பண்ணிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் அத்தனை செலவுல போட்ட வேலில, வாசல் மட்டும் காவல் இல்லாம கிடக்கும்.

அதனால தூண் வரைக்கும் வந்த கேபிளைக் கீழே இறக்கணும். ரோட்டுக்கு அடியில பைப் புதைச்சு, அதிர்வை உணராத சாதா இணைப்புக் கேபிளை உள்ளே விட்டு, எதிர்த் தூண்ல மறுபடி சென்சார் கேபிளோட சேர்க்கணும். சென்சார் கேபிளையே அடியில ஓட்டினா லாரி போகும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். ஜாயின்ட்டுக்குள்ள ஐப்பசி மழைத் தண்ணி புகாம சீல் பண்றதும் முக்கியம்.

கேட்டுக்குத் தனி ஜோன் கொடுங்க. பகல்ல லாரி வரும்போது அதை மட்டும் நிறுத்தி வைக்கலாம், மத்த வேலி விழிச்சிருக்கும். கீல் வெச்ச கேட்ல கேபிளைத் தளர்வா வளைச்சுக் கதவுக்குக் கொண்டு போகலாம். ஸ்லைடிங் கேட்ல அது சரிப்படாது. காந்தத்துல இயங்குற ரீட் சுவிட்ச் போடலாம். ஆனா கேட் திறந்ததை மட்டும்தான் அது சொல்லும், மேலே ஏறிக் குதிக்கிறவனைச் சொல்லாது. அதுக்கு உள்பக்கமா குறுக்கே இன்ஃப்ராரெட் கதிர் வேணும். ஒரே கதிர்னா தெருநாய் போனாலும் அடிக்கும். மேலும் கீழுமா ரெண்டு கதிர் வெச்சு, ரெண்டும் ஒண்ணா மறைஞ்சாத்தான் அலாரம்னு அமைங்க. தவழ்ந்து வர்றவன் தப்பிக்காம இருக்க, கேட்டுக்கு அடியில இருக்கிற இடைவெளியையும் அடைச்சிடணும்.

வேலி நிக்காத இடத்தை எப்படிக் காக்கிறதுங்கிற இதே கேள்வி நாட்டு எல்லையிலயும் வந்துச்சு. அசாமின் துப்ரியில், பிரம்மபுத்திரா வங்கதேசத்துக்குள் நுழையும் பகுதியில், 61 கி.மீ. எல்லைக்கு வேலி போட வழியில்லை. 2019 மார்ச்சில் அங்கே கேமராக்களும் ஊடுருவல் சென்சார்களும் கொண்ட 'போல்ட்-கிட்' அமைப்பு தொடங்கப்பட்டது.

நம்ம கேட்டுக்கு வருவோம். சென்சிட்டிவிட்டியைக் குறைக்கிறதுக்கு முன்னாடி கேட்டையே சரி பண்ணுங்க: மோதுற இடத்துல ரப்பர், தளர்ந்த கீலுக்குப் புது போல்ட், ஆடாம பிடிக்கிற தாழ்ப்பாள். அப்புறம் காத்து நல்லா அடிக்கிற ஒரு ராத்திரியில, லோடு லாரி வர்ற நேரத்துல, வாட்ச்மேனோட உட்கார்ந்து டெஸ்ட் பண்ணுங்க.