தண்டனை முடிந்தவருக்கு வீட்டுக்கடன் கிடைக்குமா?

சாய்ந்தமருதில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே இருக்கும். மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக்கொடுப்பது கல்முனைக் கரையோரத்தின் நெடுநாள் வழக்கம். ஆகவே சிறையிலிருந்து மீண்ட கணவர் வீடு திருத்தக் கடன் கேட்டால், ஈடு வைக்கப்படுவது மனைவியின் உறுதியே.

வங்கி முக்கியமாகப் பார்ப்பவை மூன்று: சிக்கலற்ற உறுதி, நிலையான வருமானம், பழைய கடன்களின் வரலாறு. மூன்றாவதைத் தருவது, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகம். அது திரட்டுவது கடன் விபரங்களையே. குற்றத் தீர்ப்புகளை அல்ல. ஆனால் சிறையில் இருந்த காலத்தில் நின்றுபோன தவணைகள் அங்கே பதிவாகியிருக்கலாம். தமது அறிக்கையை முதலில் கேட்டுப் பெற்று, நிலுவையைத் தீர்த்த பின் விண்ணப்பிப்பது நல்லது.

காப்புறுதியின் நிலை வேறு. அது முழு நம்பிக்கையில் செய்யப்படும் ஒப்பந்தம். விண்ணப்பத்தில் முன்னைய தண்டனை பற்றிக் கேட்டிருந்தால் உண்மையையே எழுதவேண்டும். மறைத்தால், ஒழுங்காகப் பணம் கட்டிவந்தவருக்கும் இழப்பீடு மறுக்கப்படலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வீடுகளை அழித்த ஊரில் இது சிறிய விடயமல்ல. காப்பு தீக்கு மட்டுமா, வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. கணவர் தவணை தவறினால் ஏலத்துக்கு வருவது மனைவியின் சீதன வீடு. எனவே ஒப்பமிடுமுன் ஈட்டுறுதியை நொத்தாரிசு முழுவதும் வாசித்து விளக்கும்படி அவர் கேட்கவேண்டும்.