உப்புத் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகளே, டேனரிக்கு வரும் பச்சைத் தோலில் ஏன் உப்பை வாரித் தேய்க்கிறார்கள் தெரியுமா? தோலில் புரதம் இருக்கிறது, ஈரம் இருக்கிறது. நம் ஊர் வெக்கையும் சேர்ந்தால் பாக்டீரியா மளமளவென்று பெருகி, தோலை அழுக வைத்துவிடும். உப்பு அந்த ஈரத்தை இழுத்துவிடுகிறது. ஈரம் போனால் பாக்டீரியா பெருக வழியில்லை.

மாதவிடாய் நாட்களின் சுத்தமும் இந்த ஈரத்தைப் பற்றியதுதான். தம்பிகளும் படியுங்கள், இது உங்கள் அக்கா தங்கைகளின் உடம்பு பற்றிய அறிவியல்.

கருப்பை மூடிய கைப்பிடி அளவுதான் இருக்கும். கருவைத் தாங்குவதற்காக அதன் உட்சுவர் மாதாமாதம் தடிக்கிறது; கரு உண்டாகாதபோது கழன்று, ரத்தத்தோடு வெளியேறுகிறது. ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 'கெட்ட ரத்தம்' என்று பாட்டி சொல்லியிருப்பார். கெட்டது எதுவும் அதில் இல்லை. உடம்பெங்கும் ஓடும் அதே ரத்தம்தான், கருப்பைச் சவ்வின் துணுக்குகளும் கொஞ்சம் கலந்திருக்கும். வெளியே வந்து மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்போதுதான் பாக்டீரியா பெருகுகிறது. வாடை, அரிப்பு, தொடையில் புண் எல்லாம் அந்த ஈரத்தால்தான். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினையோ துணியையோ மாற்றச் சொல்வது அதற்காகவே.

இப்போது ஒரு கணக்கு. தமிழக அரசு 2011இல் 'புதுயுகம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு 2 மாதத்துக்கு 3 பாக்கெட் நாப்கின் இலவசம், பாக்கெட்டுக்கு 6. அப்படியானால் மாதத்துக்கு 9. ஐந்து நாள் ரத்தப்போக்கு, 6 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் எத்தனை வேண்டும்? 20. நல்ல திட்டம், பல பிள்ளைகளின் கையில் முதல் நாப்கினைக் கொடுத்த திட்டம். ஆனால் மீதி 11க்கு வழி? கடையில் வாங்க முடியாத வீட்டில் பழைய பருத்தித் துணிதான். துணி தப்பே இல்லை. நன்றாகத் துவைத்துக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித் துவைப்பதில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். தோலில் தேய்த்த உப்பை டேனரியில் முதலில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தைச் சுத்திகரிப்பில் வண்டலாகப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. பல ஆண்டுகளாக அது பாலாற்றுப் படுகையில் இறங்கி, கிணற்றையும் போரையும் கெடுத்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்களே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு லேசில் போகாது.

இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் காவிரிக் குடிநீர் அல்லது கேன் தண்ணீர், மற்றதில் உங்கள் தெரு போர் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால் நுரை குறையும், வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கும். சோப்பு அழுக்கை எடுக்காமல் தண்ணீரில் உள்ள உப்புகளோடு மல்லுக்கட்டுகிறது. அந்தத் திரியே துணியில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக்கும், தோலை உராயும்.

அதனால் மாதவிடாய்த் துணிக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு குடம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகி நூலில் பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்பு, பிறகு சோப்புப் போகும்வரை அலசல். அப்புறம் நேர் வெயில். வெயில் ஈரத்தை உறிஞ்சும், அதன் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும். பல வீடுகளில் இந்தத் துணியைப் பாவாடைக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ மறைத்துக் காயப்போடுகிறார்கள். எனக்கு வருத்தம் இதில்தான். வெட்கப்பட்டு மறைத்த துணி அரைகுறையாகத்தான் காயும், அந்த அரை ஈரம் பாக்டீரியாவுக்குப் போதும்.

ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒருமுறை மாற்றும்படி இருந்தாலோ, அரிப்பும் கெட்ட வாடையும் விடாமல் இருந்தாலோ அம்மாவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அம்மா ஷூ கம்பெனி ஷிஃப்டில் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். ரத்தத்தோடு போகும் இரும்புச்சத்தை ஈடுகட்ட, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெறும் வயிற்றில் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குங்கள்.